எடை மேடைக் கம்ப்யூட்டருக்கு ‘இன்ஸ்டால்’ கமாண்ட் எப்படி? ஒரு மதிப்புரை

மணலி, மாதவரம், சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட் பக்கம் லாரி எடை மேடைகளில் ஓடும் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எல்லாமே டெபியன் லினக்ஸ். வண்டி மேடையில் ஏறி நின்றதும் லோட் செல் என்கிற எடை சென்சாரிலிருந்து, எண்ணைக் காட்டும் இண்டிகேட்டருக்கும், அங்கிருந்து சீரியல் ஒயர் வழியாகக் கம்ப்யூட்டருக்கும் எடை வந்து சேரும். ‘எடை’ என்று நாங்கள் பேர் வைத்திருக்கிற ஒரு சின்ன புரோகிராம் அதை வாங்கி, வண்டி நம்பரோடு சேர்த்து ஸ்லிப் அடித்துத் தரும். இந்தப் புரோகிராமையும், அதோடு சேர்ந்த கான்ஃபிக் (அமைப்பு விவரம்), சர்வீஸ் (புரோகிராமைக் கிளப்பி ஓட்டுவதற்கான குறிப்பு) ஃபைல்களையும் மெஷினில் அதனதன் இடத்தில் கொண்டுபோய் வைக்க நான் நம்பியிருப்பது இன்ஸ்டால் என்கிற கமாண்டைத்தான்.

‘ஏப்டி இன்ஸ்டால்’ என்று அடிக்கிறோமே, அது வேறு. இது அந்தப் பேரில் தனியாகவே இருக்கிற கமாண்ட். நெட்டிலிருந்து எதையும் இறக்காது. கையில் இருக்கிற ஃபைலை இன்னோர் இடத்தில் காப்பி செய்யும். அப்படிச் செய்யும்போதே அதை யார் படிக்கலாம், யார் எழுதலாம், யார் ஓட்டலாம், யார் பேரில் இருக்க வேண்டும் என்பதையும் அதே வரியில் முடித்துவிடும். காசு கிடையாது, கோர்யூட்டில்ஸ் என்கிற அடிப்படைக் கமாண்டுத் தொகுப்பில் ஒன்று என்பதால் டெபியன் போட்ட அன்றைக்கே மெஷினில் இருக்கிறது. இருந்தும் லினக்ஸில் வருஷக்கணக்காக வேலை செய்கிற பலர் இதைத் தொட்டதே இல்லை என்பது எனக்கு வருத்தம். அதனால்தான் நிறையும் குறையுமாக இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

கமாண்டுகளை எல்லாம் சைட்டில் இருப்பவருக்குப் போனில் சொல்வது போலவே எழுதுகிறேன். புரோகிராமை வைக்க நாங்கள் சொல்லும் வரி இது: சூடோ, இன்ஸ்டால், ஹைஃபன் எம் 755, ஹைஃபன் ஓ ரூட், ஹைஃபன் ஜி ரூட், எடை, கடைசியில் யூஎஸ்ஆர் லோக்கல் பின் ஃபோல்டர். சூடோ என்றால், மெஷினில் எல்லா அதிகாரமும் உள்ள ரூட் யூசராக ஓட்டு என்று அர்த்தம். எம் என்றால் மோட், அதாவது பர்மிஷன் எண், ஓ என்றால் ஓனர், ஜி என்றால் குரூப். 755 என்பதில் முதல் எண் ஓனருக்கு, அடுத்தது குரூப்புக்கு, மூன்றாவது மற்ற எல்லோருக்கும். படிக்க 4, எழுத 2, ஓட்ட 1, கூட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஆக ரூட் மட்டும் புரோகிராமை மாற்றலாம், மற்றவர்கள் படிக்கலாம், ஓட்டலாம். நைட் ஷிஃப்ட்டில் உட்கார்கிற ஆபரேட்டர் ஸ்லிப் அடிக்கலாம், ஆனால் எடை போடுகிற புரோகிராமை மாற்ற முடியாது. எடை மேடையில் இது சாதாரண விஷயம் இல்லை. இரும்பு லோடில் ஒரு டன் கூடக் குறைய ஆனால் எவ்வளவு காசு என்று சாத்தாங்காட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

என்னோடு வேலை கற்றுக்கொள்ளும் தம்பி முதல் வாரமே கேட்டான்: “ஏன்க்கா, சிபி போட்டுட்டு சிஎச்மோட் அடிச்சா வேலை முடிஞ்சுது. இதுக்கு எதுக்கு தனியா ஒரு கமாண்ட்?”

நியாயமான கேள்வி. சிபி ஃபைலைக் காப்பி செய்கிற கமாண்ட், சிஎச்மோட் பர்மிஷனை மாற்றுகிற கமாண்ட். பதில் சிபியின் குணத்தில் இருக்கிறது. சிபி போட்டால் போய்ச் சேரும் ஃபைலுக்கு என்ன பர்மிஷன் கிடைக்கும் என்று அந்த வரியை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. அங்கே அதே பேரில் ஃபைல் ஏற்கெனவே இருந்தால் சரக்கு மட்டும் மாறும், பழைய பர்மிஷனும் பழைய ஓனரும் அப்படியே நிற்கும். இல்லையென்றால் மூல ஃபைலின் பர்மிஷனை எடுத்துக்கொண்டு, அதிலிருந்து யூமாஸ்க் (புது ஃபைலுக்கு எந்த பர்மிஷன் கூடாது என்று மெஷினில் வைத்திருக்கிற எண்) தடுக்கிறதைக் கழித்துக்கொள்ளும். ஹைஃபன் பி (பிரிசர்வ் என்பதன் பி) சேர்த்துவிட்டால் கதை வேறு. ரூட்டாக ஓடும்போது மூல ஃபைலின் ஓனர், பர்மிஷன் எல்லாம் கூடவே வந்து உட்காரும். ஒரே கமாண்ட், மூன்று மெஷினில் மூன்று விதமாக முடியும். இன்ஸ்டால் இதில் எதையும் பார்ப்பதில்லை. 755 என்றால் 755, 640 என்றால் 640. முன்பு அங்கே என்ன இருந்தது, யூமாஸ்க் எவ்வளவு, ஃபைல் பென்டிரைவில் வந்ததா வாட்ஸ்அப்பில் வந்ததா, எதுவும் அதற்குத் தேவையில்லை. ஆறு மாதம் கழித்து ஸ்கிரிப்டைத் திறந்து படித்தாலே மெஷினில் என்ன இருக்கும் என்று தெரிந்துவிடும். இந்த ஒன்றுக்காகவே நான் இதைத் தூக்கிப் பிடிக்கிறேன்.

சும்மா சொல்லவில்லை. நாங்கள் பொறுப்பேற்ற ஒரு சைட்டில் முன்பு பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ராத்திரி பேக்கப்புக்காக, நேரம் பார்த்து வேலைகளை ஓட்டுகிற கிரானுக்கான ஈடிசி கிரான் டாட் டி ஃபோல்டரில் ஒரு ஃபைல் வைத்திருந்தார்கள். ஃபைல் இருக்கிறது, உள்ளே வரியும் சரியாக இருக்கிறது, நேரமும் சரி. ஆனால் பேக்கப் ஒன்றுகூட இல்லை. பழைய ஸ்லிப் வேண்டுமென்று கணக்குப்பிள்ளை கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ஓனரையும் பர்மிஷனையும் காட்டுகிற எல்எஸ் ஹைஃபன் எல் அடித்துப் பார்த்தால் ஃபைல் ரூட் பேரில் இல்லை, ஆபரேட்டர் பேரில் இருக்கிறது. ஆபரேட்டரின் ஹோம் ஃபோல்டரிலிருந்து சிபி ஹைஃபன் பி போட்டுக் கொண்டுவந்திருக்கிறார்கள். அந்த ஃபோல்டரில் இருக்கிற ஃபைல் ரூட் பேரில் இருக்க வேண்டும், குரூப்போ மற்றவர்களோ எழுதும்படி இருக்கக் கூடாது என்பது டெபியன் கிரானின் சட்டம். மீறினால் ஸ்கிரீனில் எதுவும் சொல்லாது. லாக்கில் ‘ராங் ஃபைல் ஓனர்’ என்று ஒரு வரி எழுதிவிட்டு அந்த ஃபைலை ஒதுக்கிவிடும். எடை மேடையில் லாக்கைத் திறந்து படிக்க யார் இருக்கிறார்கள்? இன்ஸ்டால், ஹைஃபன் எம் 644, ஹைஃபன் ஓ ரூட், ஹைஃபன் ஜி ரூட் என்று ஒரே வரியில் வைத்திருந்தால் அந்த பேக்கப் முதல் ராத்திரியே ஓடியிருக்கும்.

யூமாஸ்க் பிரச்சினை இன்னும் நுணுக்கமானது. சில கம்பெனிகளில் பாதுகாப்புக்காக அதை 077 என்று வைத்துவிடுகிறார்கள். கொள்கையாக நல்லதுதான். ஆனால் அந்த மெஷினில் சிபி போட்ட புரோகிராம் 700 ஆகத்தான் போய் விழும். ரூட் தவிர யாரும் ஓட்ட முடியாது. நாம் டெஸ்ட் செய்வது சூடோவில். அதனால் நமக்கு நன்றாக ஓடும். நாம் கிளம்பிய பிறகு ஆபரேட்டர் திறக்கும்போது ‘பர்மிஷன் டினைட்’. அங்கிருந்து போன் வரும்போது நாம் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருப்போம். இன்ஸ்டாலில் மோட் சொல்லிவிட்டால் யூமாஸ்க் அதைத் தொடாது.

அடுத்து, இந்தக் கமாண்டை நான் மனமார விரும்புவதற்கான காரணம். ஓடிக்கொண்டிருக்கிற புரோகிராமை மாற்றுவது.

ஒரு சாயங்காலம் சாத்தாங்காட்டில் ஸ்லிப்பில் தேதி அச்சாகும் இடத்தைச் சரிசெய்து புது புரோகிராம் போட வேண்டியிருந்தது. மேடைக்கு வெளியே ரோடு வரை வண்டி நிற்கிறது. இரும்புத் தகடு, டிஎம்டி கம்பி, பழைய இரும்பு என்று எல்லா லோடும் இருக்கிறது. ஆபரேட்டர் அண்ணன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்கிறார்: “யம்மா, வண்டி லைன் கட்டி நிக்குது. நிறுத்தணுமா, வேணாமா? இன்னான்னு சொல்லு.”

“நிறுத்த வேணாம்ணே. நீங்க போட்டுக்கினே இருங்க.”

இந்த இடத்தில் சிபி போட்டிருந்தால் ‘டெக்ஸ்ட் ஃபைல் பிஸி’ என்று சொல்லி மறுத்திருக்கும். ஓடுகிற பைனரியை, அதாவது கம்பைல் செய்த புரோகிராம் ஃபைலை, திறந்து அதன் மேலேயே எழுத லினக்ஸ் கெர்னல் விடாது. பிறகு சர்வீஸை நிறுத்தி, காப்பி செய்து, பர்மிஷன் மாற்றி, திரும்பக் கிளப்ப வேண்டும். அத்தனை நேரமும் மேடையில் ஒரு லாரி சும்மா நிற்கும். இன்ஸ்டால் பழைய ஃபைலின் மேல் எழுதுவதே இல்லை. பழைய பேரை ஃபோல்டரிலிருந்து நீக்கிவிட்டு, அதே பேரில் புதிதாக ஒரு ஃபைலை உருவாக்குகிறது. ஏற்கெனவே ஓடுகிற புரோகிராம் தன் பழைய உள்ளடக்கத்தைப் பிடித்துக்கொண்டு எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஓடும். அது நிற்கும் வரை டிஸ்க்கில் அந்த இடம் விடுபடாது. ஹைஃபன் வி சேர்த்து அடித்தால் இது கண்ணுக்கே தெரியும். முதலில் ‘ரிமூவ்ட்’ என்று பழைய ஃபைலின் பேர் வரும், அடுத்த வரியில் எங்கிருந்து எங்கே என்று அம்புக்குறி போட்டுக் காட்டும். அன்றைக்கு அந்த இரண்டு வரியையும் பார்த்துவிட்டு, ஒரு வண்டி மேடையை விட்டு இறங்கி அடுத்தது ஏறுகிற இடைவெளியில், சர்வீஸை நிறுத்தித் திரும்பக் கிளப்புகிற சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் கொடுத்தேன். அடுத்த ஸ்லிப்பில் தேதி சரியான இடத்தில் இருந்தது. அண்ணன் ஸ்லிப்பைக் கிழித்து டிரைவரிடம் நீட்டினார், அவ்வளவுதான்.

பைனரியாக இல்லாமல் பேஷ் ஸ்கிரிப்டாக, அதாவது கமாண்டுகளை வரிவரியாக எழுதிய ஃபைலாக இருந்தால் இது இன்னும் முக்கியம். ஸ்கிரிப்டுக்கு ‘பிஸி’ என்ற தடையே கிடையாது. பேஷ் ஒரு ஸ்கிரிப்டை முழுக்கப் படித்து வைத்துக்கொண்டு ஓட்டுவதில்லை. ஓட ஓடக் கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்கிறது. நடுவில் சிபியால் மேலே எழுதினால், பாதி பழசும் பாதி புதுசுமாக, ஒரு வரியின் நடுவிலிருந்தே படிக்க ஆரம்பித்துவிடும். என்ன செய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது. ரிப்போர்ட் எடுக்கிற எங்கள் ஸ்கிரிப்ட் ஒன்று நீண்ட நேரம் ஓடக்கூடியது. அதை இன்ஸ்டால் இல்லாமல் தொடக் கூடாது என்பது எங்களிடம் எழுதி வைத்த விதி.

ரகசிய ஃபைல்களுக்கும் இதையே கைகாட்டுவேன். சர்வருக்கு ஸ்லிப் விவரம் அனுப்ப ஒரு பாஸ்வேர்டு இருக்கிறது. அந்தக் கான்ஃபிக் ஃபைலை ரூட் ஓனர், எடை குரூப், 640 என்று வைக்கிறோம். புரோகிராம் படிக்கலாம், ரூட் மாற்றலாம், மற்றவர் கண்ணில் படாது. சிபி போட்டுவிட்டுப் பிறகு சிஎச்மோட் அடித்தால், அந்த இரண்டு கமாண்டுக்கும் நடுவில் ஃபைல் எல்லோருக்கும் திறந்து கிடக்கலாம். சின்ன நேரம்தான், ஆனால் ஸ்கிரிப்ட் நடுவில் எதனாலோ நின்றுபோனால் அந்தச் சின்ன நேரமே நிரந்தரமாகிவிடும். நம் லினக்ஸ் மெஷின்களில் இருக்கும் குனு இன்ஸ்டால் புது ஃபைலை முதலில் 600 ஆகத்தான் உருவாக்குகிறது. உள்ளடக்கத்தை எழுதி, ஓனரை மாற்றி, கடைசியில்தான் நாம் சொன்ன மோடைக் கொடுக்கிறது. நடுவில் நின்றாலும் ஃபைல் பூட்டியே இருக்கும். ஓனர் முதலில், மோட் பிறகு என்ற வரிசைக்கும் காரணம் இருக்கிறது. ஓனரை மாற்றினால், யார் ஓட்டினாலும் ஓனர் பேரில் ஓட வைக்கிற செட்யூஐடி பிட் போய்விடும். அதனால் மோடைக் கடைசியில் வைத்திருக்கிறார்கள். இதை எழுதியவர் டேவிட் மெக்கன்சி. இப்படி ஒவ்வொன்றையும் யோசித்து வைத்திருப்பதைப் பார்க்கும்போது அவர் மேல் எனக்கு உண்மையாகவே மரியாதை வருகிறது.

இனி குறைகள். இருக்கின்றன, சில எரிச்சல் மூட்டுபவை.

முதல் குறை, மோட் சொல்லாமல் விட்டால் எல்லா ஃபைலையும் 755 ஆக்கிவிடும். புரோகிராமுக்கு அது சரி. கான்ஃபிக், சர்வீஸ் ஃபைலுக்குச் சரியில்லை. சர்வீஸ்களை ஓட்டுகிற சிஸ்டம்டியின் சர்வீஸ் ஃபைலை அப்படி வைத்தால், இந்தக் கான்ஃபிகரேஷன் ஃபைல் எக்ஸிகியூட்டபிள் என்று குறிக்கப்பட்டிருக்கிறது, அந்த பிட்டை எடுத்துவிடுங்கள் என்று லாக்கில் வந்துகொண்டே இருக்கும். வேலை நிற்காது; ஆனால் உண்மையான பிரச்சினையைத் தேடும் நாளில் அந்த வரிகள் கண்ணை மறைக்கும். பாஸ்வேர்டு ஃபைலில் மோடை விட்டுவிட்டாலோ நேரடி ஆபத்து, எல்லோரும் படிக்கலாம். அதனால் எங்கள் ஸ்கிரிப்டில் ஹைஃபன் எம் இல்லாத இன்ஸ்டால் வரி ஒன்றுகூட இருக்கக் கூடாது. 755தான் வேண்டும் என்றாலும் எழுதித்தான் ஆக வேண்டும். தம்பி அனுப்புகிற ஸ்கிரிப்டில் நான் முதலில் தேடுவது அதைத்தான்.

ஃபோல்டர் விஷயத்தில் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். கேபிடல் டி (டைரக்டரி என்பதன் டி) ஆப்ஷன் போட்டால் வழியில் இல்லாத ஃபோல்டர்களை எல்லாம் உருவாக்கிக்கொண்டே போய் ஃபைலை வைக்கும். ரொம்ப வசதி. ஆனால் நாம் கொடுக்கிற 640, எடை குரூப் எல்லாம் கடைசியில் இருக்கிற ஃபைலுக்கு மட்டும்தான். வழியில் உருவாகிற ஃபோல்டர்கள் வழக்கமான பர்மிஷனோடுதான் வரும். ஃபோல்டரையே மூடி வைக்க வேண்டுமென்றால் ஸ்மால் டி போட்டு, ஹைஃபன் எம் 750 கொடுத்து, அதைத் தனி வரியாக முன்னால் எழுத வேண்டும். இரண்டாவது, ஏற்கெனவே இருக்கிற ஃபோல்டரின் பேரைக் கொடுத்து ஸ்மால் டி போட்டால் அதன் மோடையும் மாற்றிவிடும். ஃபோல்டர் உருவாக்குகிற எம்கேடிர் ஹைஃபன் பி, ஏற்கெனவே இருக்கிற ஃபோல்டரைத் தொடாமல் விட்டுவிடும், இது அப்படி இல்லை. எங்களுக்கு இது நல்லதாகத்தான் போயிற்று. யாராவது 777 போட்டு வைத்த ஃபோல்டர்கூட ஸ்கிரிப்டைத் திரும்ப ஓட்டினால் 750க்கு வந்துவிடுகிறது. ஆனால் டெம்ப் மாதிரி சிஸ்டம் ஃபோல்டரின் பேரைக் கொடுத்துவிடாதீர்கள். அங்கே இருக்கிற பர்மிஷன் வேறு காரணத்துக்காக வைத்தது.

எனக்குப் பெரிய குறையாகப் படுவது இன்னொன்று. பழைய பேரை நீக்குவதற்கும் புது ஃபைல் முழுதாக எழுதி முடிவதற்கும் நடுவில் ஒரு நொடிப் பொழுது இருக்கிறது. அந்த நேரத்தில் கரண்ட் போனாலோ டிஸ்க் நிறைந்துபோனாலோ பழையதும் இல்லை, புதியதும் முழுதாக இல்லை. சில சைட்டுகளில் யூபிஎஸ் பேட்டரி எந்த நிலையில் இருக்கும் என்று நம்ப முடியாது. கடல் காற்றில் டெர்மினல் எல்லாம் பூத்துப் போயிருக்கும். அங்கே நாங்கள் செய்வது இது. இன்ஸ்டாலை வைத்து அதே ஃபோல்டரில் ‘எடை டாட் நியூ’ என்ற பேரில் சரியான பர்மிஷனோடு வைத்துவிட்டு, பிறகு எம்வி போட்டு உண்மையான பேருக்கு மாற்றுவது. ஒரே ஃபோல்டருக்குள் பேர் மாற்றுவது ஒரே அடியில் முடியும். பழையது இருக்கும் அல்லது புதியது இருக்கும், இரண்டும் கெட்ட நிலை வராது. இன்ஸ்டாலே இப்படிச் செய்துகொடுக்கலாம். ஃப்ரீபிஎஸ்டி என்கிற, லினக்ஸ் மாதிரியான வேறொரு சிஸ்டத்தில் இருக்கிற இன்ஸ்டாலில் கேபிடல் எஸ் போட்டால் அப்படித்தான் செய்கிறது, தற்காலிகப் பேரில் எழுதிப் பிறகு மாற்றுகிறது. குனுவில் அதே கேபிடல் எஸ், பேக்கப் ஃபைலின் பேருக்குப் பின்னால் என்ன ஒட்ட வேண்டும் என்று சொல்வதற்கான ஆப்ஷன். ஒரே எழுத்து, இரண்டு அர்த்தம். எங்கள் சைட் ஒன்றில் ஃபயர்வால் பெட்டி ஃப்ரீபிஎஸ்டியில் ஓடுகிறது. அங்கே போகிற ஸ்கிரிப்டைத் தனியாகத்தான் வைத்திருக்கிறோம். கேபிடல் டிக்கும் அங்கே வேறு வேலை.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் பழையது. இன்ஸ்டால் முதலில் வந்தது ஃப்ரீபிஎஸ்டிக்கு மூதாதையான 4.2 பிஎஸ்டியில், 1983இல். யுனிக்ஸ் வகை சிஸ்டங்களுக்குப் பொதுவான போசிக்ஸ் தரத்தில் இதைச் சேர்க்கவே இல்லை. அதனால் ஒவ்வொருவரும் தங்கள் வசதிக்கு ஆப்ஷன் வைத்துக்கொண்டார்கள். கம்பைல் செய்வதற்கு முன் மெஷினைச் சோதிக்கிற ஆட்டோகான்ஃப் பயன்படுத்துகிற பழைய சோர்ஸ் கோடுகளைப் பிரித்துப் பார்த்தால் ‘இன்ஸ்டால் ஹைஃபன் எஸ்எச்’ என்று ஒரு ஸ்கிரிப்ட் கூடவே இருக்கும். மெஷினில் இருக்கிற இன்ஸ்டாலை நம்ப முடியாதபோது கைக்கு இருக்கட்டும் என்று வைத்தது. சோர்ஸிலிருந்து கட்டிய புரோகிராமைப் போட மேக் இன்ஸ்டால் அடிக்கும்போது பின்னால் ஓடுவதும் பெரும்பாலும் இந்தக் கமாண்ட்தான். எல்லா மெஷினும் லினக்ஸ் என்றால் இந்தப் பிரச்சினை உங்களுக்கு இல்லை.

ஃபோல்டரை உள்ளே இருப்பதோடு சேர்த்து காப்பி செய்யாது. கொடுத்தால் ‘ஒமிட்டிங் டைரக்டரி’ என்று விட்டுவிடும். ஐகான், டெம்ப்ளேட் என்று நூறு ஃபைல் இருந்தால் ஃபைண்ட் கமாண்டோடு சேர்த்து ஓட்ட வேண்டும், அல்லது ஃபோல்டரோடு காப்பி செய்கிற ஆர்சிங்க் பக்கம் போக வேண்டும். சேர வேண்டிய இடத்தில் சிம்லிங்க் (வேறொரு ஃபைலைக் காட்டுகிற குறுக்குவழி) இருந்தால், அது காட்டுகிற ஃபைலில் எழுதாமல் சிம்லிங்க்கையே எடுத்துவிட்டு அங்கே ஃபைலை வைத்துவிடும். வெர்ஷன் மாற்ற சிம்லிங்க் வைத்திருப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு தொட வேண்டும்.

மற்ற ஆப்ஷன்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரிசர்வ் என்பதன் ஸ்மால் பி ஆப்ஷன் இருந்தால் ஃபைலின் பழைய தேதியும் நேரமும் அப்படியே வரும். இல்லையென்றால் வைத்த நேரம்தான். பி ஃபார் பேக்கப் என்கிற ஹைஃபன் பி, மாற்றுவதற்கு முன் பழைய ஃபைலைப் பேர் மாற்றி வைத்துக்கொள்ளும். எடை புரோகிராமுக்கு நாங்கள் இப்போது இதையும் போடுகிறோம், பழசுக்குத் திரும்ப எம்வி ஒன்று போதும். கேபிடல் சி போட்டால் இரண்டு ஃபைலும் ஒன்றாகவே இருந்து, ஓனரும் மோடும்கூடச் சரியாக இருந்தால் தொடாமல் விட்டுவிடும். அதையும் தேதி காக்கிற ஆப்ஷனையும் சேர்த்துப் போட முடியாது. ஸ்மால் எஸ் பைனரியில் இருக்கிற சிம்பல்களை நீக்கிச் சுருக்கும். புரோகிராம் விழுந்தால் எங்கே விழுந்தது என்று பார்க்க அந்த சிம்பல்கள் தேவை என்பதால் நாங்கள் அதைத் தொடுவதில்லை.

இவ்வளவு குறை சொல்லிவிட்டும் ஏன் விடாமல் வைத்திருக்கிறேன் என்றால், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பார்த்தது அப்படி. மணலி பக்கம் தண்ணீர் ஏறி, எண்ணூர் முகத்துவாரம் பக்கம் அதில் எண்ணெயும் கலந்து வந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். தாழ்வான ஒரு சைட்டில் மேஜைக்குக் கீழே இருந்த சிபியு முழுக்க மூழ்கிப் போனது. டேட்டா சர்வரில் இருந்தது, மெஷின்தான் போனது. தண்ணீர் வடிந்ததும் வேறொரு பெட்டியைக் கொண்டுபோய் டெபியன் 12 போட்டோம். எங்கள் ஸ்கிரிப்ட் முதலில் எடை என்ற யூசரையும் குரூப்பையும் உருவாக்கும். இல்லாத ஓனர் பேரைக் கொடுத்தால் இன்ஸ்டால் ‘இன்வாலிட் யூசர்’ என்று நின்றுவிடும், அதனால் அந்த வரிசை. பிறகு ஃபோல்டர்கள், புரோகிராம், கான்ஃபிக், சர்வீஸ், கிரான். ஒவ்வொன்றும் ஒரு வரி, ஒவ்வொரு வரியிலும் மோடும் ஓனரும். ஸ்கிரிப்ட் முடிந்த பிறகு பர்மிஷன் என்ற பேச்சே எழவில்லை. ஒரே ஒரு சிஎச்மோட்கூட அடிக்காமல் மெஷின் பழையபடி ஓட ஆரம்பித்தது. சேறு வழித்த மேடையில் முதல் வண்டி ஏறியபோது ஸ்லிப் வந்தது. அந்தப் பகுதி ஆட்களுக்கு அந்த வாரம் ஒவ்வொரு நாள் கூலியும் எவ்வளவு தேவையாக இருந்தது என்று எனக்குத் தெரியும். மேடை சீக்கிரம் திறந்ததில் இந்தக் கமாண்டுக்கும் பங்கு இருக்கிறது.

யாருக்குப் பரிந்துரைப்பேன்? கையடக்கமான எண்ணிக்கையில் மெஷின் வைத்துக்கொண்டு, சொந்தமாக எழுதிய புரோகிராமைப் போடுகிறவர்களுக்கு: பில்லிங் மெஷின், எடை மேடை, ஐஸ் ஃபேக்டரியில் டெம்பரேச்சர் பார்க்கிற பெட்டி, கல்லூரி லேப். மெஷின் எண்ணிக்கை கூடிவிட்டால், அல்லது புரோகிராமை நீக்குகிற வேலையும் அடிக்கடி வந்தால், டெபியனின் டெப் பேக்கேஜாகக் கட்டிவிடுங்கள். எந்த ஃபைலை எங்கே வைத்தோம் என்று இன்ஸ்டால் எதையும் குறித்து வைப்பதில்லை. அழிக்கிற நாளில் நாமேதான் தேட வேண்டும். டெப் பேக்கேஜ்களைப் பார்த்துக்கொள்கிற டிபிகேஜி அதைக் கணக்கில் வைத்திருக்கும். பேக்கேஜ் கட்டும்போதும் உள்ளே இன்ஸ்டால் வரிகள்தான் வரும், ஆகையால் கற்றது வீணாகாது. ஆர்ச் லினக்ஸின் பேக்கேஜ் ஸ்கிரிப்டுகளைத் திறந்து பாருங்கள், கேபிடல் டி எம் 755 என்று சேர்த்து எழுதியிருப்பது அடிக்கடி கண்ணில் படும்.

புதிதாகப் பழகுகிறவர்கள் நேரே யூஎஸ்ஆர் லோக்கல் பின்னில் கை வைக்க வேண்டாம். ஹோம் ஃபோல்டரிலேயே ஒரு காலி ஃபோல்டர் எடுத்து, ஹைஃபன் வியோடு சேர்த்து ஒரே ஃபைலை 755, 644, 600 என்று மாற்றி மாற்றி வைத்து, ஒவ்வொரு தடவையும் எல்எஸ் ஹைஃபன் எல் அடித்துப் பாருங்கள். சூடோ இல்லாமலே இதெல்லாம் நடக்கும். ஹைஃபன் ஓ போட்டு வேறொருவர் பேருக்கு மாற்ற மட்டும்தான் ரூட் வேண்டும். தம்பி இப்போது மஞ்சம்பாக்கம் பக்கம் இருக்கிற சைட்டைத் தனியாகப் பார்க்கிறான். அவனுக்கும் முதலில் இப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன்.